சிப்பி வாயைத் திறந்தால் மட்டும் போதாது

மிலானில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் இத்தாலியச் சமையல் கற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. முந்தைய நாள் இரவு நண்பர்களை விருந்துக்கு அழைத்து, இம்பெப்பாட்டா என்ற நேப்பிள்ஸ் சிப்பிப் பதார்த்தத்தைச் செய்து பரிமாறியிருக்கிறார். விடிவதற்குள் மூன்று பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். "சார், எல்லாச் சிப்பியும் நல்லா வாயைத் திறந்துச்சே சார். திறக்காததைத்தானே தூக்கிப் போடணும்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

அடுப்பில் ஏற்றுவதற்கு முன் எப்படி இருந்தன என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டாராம். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தாராம். சமைக்க எடுத்தபோது பாதிக்கு மேல் லேசாகத் திறந்துதான் இருந்தனவாம். எனக்குப் புரிந்துவிட்டது.

குமரிக் கடற்கரையில் சிப்பி என்றால் பாறையில் ஒட்டி வளரும் இந்த உயிர்தான், ஆங்கிலத்தில் மஸ்ஸல். இத்தாலியர்கள் இதன் மத்தியதரைக்கடல் இனத்தைக் கொட்ஸா என்கிறார்கள். நேப்பிள்ஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிப்பியைப் பற்றி அங்கே கற்றதில் பெரும்பகுதி அடுப்புக்கு முன்னால் நடக்கும் வேலை. சமையல் என்னவோ சில நிமிடம்தான்.

முதலில் அந்தத் 'திறப்பு' விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்பியின் இரண்டு ஓடுகளும் ஒரு முனையில் ரப்பர் போன்ற நாரால் இணைந்திருக்கும். அந்த நார் எப்போதும் ஓட்டைத் திறக்கவே பார்க்கும். உயிருள்ள சிப்பி உள்ளே இருக்கும் தசையால் இழுத்து மூடிக்கொள்கிறது. செத்தால் தசை தளர்ந்து ஓடு தானாகப் பிளக்கும். சூடு ஏறினாலும் தசை விட்டுக்கொடுத்துவிடும். ஆக, பாத்திரத்துக்குள் சிப்பி திறந்தால் அது சூடாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். உயிரோடு போட்டதும் திறக்கும், நேற்றே செத்துப்போனதும் திறக்கும். தசை ஓட்டில் கெட்டியாக ஒட்டிக்கொண்ட நல்ல சிப்பி சில நேரம் திறக்காமலும் கிடக்கும். நான் அதற்கு இன்னும் ஒரு நிமிடம் கொடுப்பேன், அப்புறமும் மூடியே இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவேன். ஒன்றிரண்டு சிப்பி போனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பாதுகாப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

தேர்வு அடுப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சிப்பிகளைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். ஓடு உடைந்திருந்தால் வேண்டாம். லேசாகத் திறந்திருந்தால் இன்னொரு சிப்பியால் ஓட்டில் தட்டுங்கள், அல்லது விரலால் அழுத்தி மூடிவிட்டு விடுங்கள். உயிர் இருந்தால் மெதுவாகவாவது மூடிக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிப்பி கொஞ்சம் சோம்பலாக இருக்கும், ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மூடவில்லையென்றால் குப்பைக்கு. கையில் எடுத்ததும் மற்றதைவிட ரொம்பக் கனமாக இருந்தால் உள்ளே சேறு நிறைந்த வெறும் ஓடாக இருக்கலாம். அப்படி ஒன்று பாத்திரத்தில் திறந்தால் மொத்தச் சாறும் வீண். வாசனை கடல் வாசனையாக இருக்க வேண்டும். வேறு ஏதாவது அடித்தால் யோசிக்கவே வேண்டாம்.

வைக்கும் விதமும் முக்கியம். சிப்பிக்கு மூச்சு வேண்டும். அகலமான பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். பை கட்டக் கூடாது, குழாய்த் தண்ணீரில் ஊறவும் போடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒரு மூட்டைச் சிப்பியை இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊற வைத்தேன், மண் போகட்டும் என்று. உப்புநீர் உயிருக்கு நல்ல தண்ணீர்தான் எமன். காலையில் தலைமைச் சமையல்காரர் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டி, என்னைக் குனிந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அந்த நாற்றம் இன்றும் நினைவில் இருக்கிறது. ஓட்டுக்கு வெளியே தாடிபோலத் தொங்கும் நார்க்கற்றையையும் சமைக்கும் முன்தான் பிடுங்க வேண்டும். ஓடுகள் இணையும் முனையை நோக்கி இழுத்தால் சுலபமாக வரும்.

சரி, இம்பெப்பாட்டா. பெயரிலேயே மிளகு இருக்கிறது, இத்தாலியில் மிளகுக்குப் பெப்பே என்று பெயர். நான்கு பேருக்கு இரண்டு கிலோ சிப்பி, அப்போதே பொடித்த மிளகு இரண்டு டீஸ்பூன், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, இரண்டு எலுமிச்சை. எண்ணெயும் பூண்டும் போடுகிறவர்கள் உண்டு. இந்தப் பதார்த்தத்துக்கு அவை தேவையில்லை என்பது என் கட்சி. உப்பு ஒரு துளிகூட வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் கடல்நீரே போதும், சில நேரம் அதுவே அதிகம்.

அகலமான கனத்த பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, சிப்பியையும் பாதி மிளகையும் போட்டு மூடுங்கள். தீ முழுவதும் இருக்கட்டும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் அடைக்காதீர்கள், அடைத்தால் கீழே இருப்பவை ரப்பராகும், மேலே இருப்பவை வேகாது. நடுவில் ஒருமுறை பாத்திரத்தைக் குலுக்குங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் திறந்து, தண்ணீரே ஊற்றாத பாத்திரத்தில் சாம்பல் நிறச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். கீழே சொல்லும் மூன்று நிமிடமும் ஆனதும் சிப்பிகளைச் சூடான தட்டில் குவித்து, சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி மேலே ஊற்றி, மீதி மிளகையும் பார்ஸ்லியையும் தூவுங்கள். எலுமிச்சை மேசையில்தான் பிழிய வேண்டும். பக்கத்தில் வாட்டிய ரொட்டி இருக்கட்டும். சதை ஆரஞ்சாக இருந்தால் பெண், வெளிர் நிறமாக இருந்தால் ஆண். இரண்டும் நல்லவைதான், வகுப்பில் எல்லாரும் கேட்பார்கள்.

உணவகத்தில் நாங்கள் திறந்த கணமே இறக்கிவிடுவோம், சதை பஞ்சுபோல இருக்கும். வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். திறந்த பிறகும் கொதிக்கும் சாற்றிலேயே இன்னும் மூன்று நிமிடம் வையுங்கள். நோரோ வைரஸ், ஹெபடைடிஸ் ஏ போன்ற நோய்க்கிருமிகள் லேசான ஆவிக்கு அசையாது. சதையின் நடுவில் 90 டிகிரி வெப்பம் 90 விநாடி நிற்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் கணக்கு. சிப்பியைப் பச்சையாகவே சாப்பிடும் பழக்கமுள்ள இத்தாலியின் புலியா மாகாணத்தில் 1996, 1997இல் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் மேசையில் இருந்தால் இந்த மூன்று நிமிடத்தில் பேரமே கிடையாது. சதை கொஞ்சம் சுருங்கும், சுருங்கட்டும்.

ஆனால் நெருப்பால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு, அதுதான் எனக்கு அதிக பயம். சிப்பி ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர். கடலில் நச்சுப்பாசி பெருகினால் அந்த நஞ்சு சதையில் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தட்டினால் மூடும், வாசனையும் அருமையாக இருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றலே போயிற்று. நம் பக்கமும் நடந்திருக்கிறது. 1997 செப்டம்பரில் குமரிக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

இதற்கு ஒரே வழி, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரிந்து வாங்குவது. நேப்பிள்ஸுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். 1973இல் அங்கே காலரா பரவியபோது பழி சிப்பியின் மேல் விழுந்தது, வளைகுடாவில் இருந்த சிப்பி வளர்ப்பிடங்களை அழித்தார்கள். சிப்பிக்குப் பேர்போன தென் இத்தாலிய நகரம் தாரந்தோவிலும், மார் பிக்கோலோ கடலின் ஒரு பகுதியில் டையாக்ஸின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததால் 2011இல் அறுவடைக்குத் தடை வந்தது. இன்று ஐரோப்பாவில் வளர்ப்புக் கடலை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் நேரடியாக விற்கலாம். பி என்றால் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் வைத்துச் சுத்திகரித்த பிறகு விற்கலாம். பாசி நஞ்சுக்கும் தனியே சோதனை உண்டு. வலைப்பையில் தைத்த லேபிளில் எந்த நிலையத்தில் எந்தத் தேதியில் கட்டியது என்று இருக்கும். காலாவதித் தேதிக்குப் பதிலாக, விற்கும்போது உயிருடன் இருக்க வேண்டும் என்ற வாசகமும் இருக்கும். பையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் கடைக்காரர் அந்த லேபிளை 60 நாள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார். காட்டத் தயங்கினால் அன்றைக்கு வேறு மீன் வாங்குங்கள். துறைமுகச் சுவரிலும் கழிமுகத்திலும் பிடுங்கிய சிப்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சாப்பிட்ட அரை மணியிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், சிப்பி சாப்பிட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இப்படி மரத்துப்போக வைக்கும் பாசி நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. வலைப்பையோடு வாங்கியிருந்தால் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். அதை வைத்துத்தான் அதே கடலிலிருந்து வந்த மற்ற பைகளைத் தடுத்து நிறுத்த முடியும்.