தோட்டத்து மக்காச்சோளம் ஏன் பொரிவதில்லை?

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம், வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, ஆனால் பிள்ளைகள் பாப்கார்ன் கேட்டால் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. நம்ம சோளத்தை எண்ணெயில் போட்டால் கருகுகிறது, ஒன்றிரண்டு டப்பென்று பிளக்கிறது, அவ்வளவுதான். கடையில் விற்பதில் மருந்து ஏதாவது கலக்கிறார்களா?"

மருந்து எதுவும் இல்லைங்க. இரண்டும் மக்காச்சோளம்தான், ஆனால் ரகம் வேறு. நம் காட்டில் விளைவது பெரும்பாலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அதே மணியின் மாவுச்சத்தைப் பிரித்தால் கார்ன்ஃப்ளவர், அதைச் சிதைத்தால் குளுக்கோஸ் பாகு, முளைப் பகுதியைப் பிழிந்தால் எண்ணெய், புளிக்க வைத்தால் எத்தனால். கடற்கரையில் கப்பில் போட்டு விற்கிறார்களே, அந்த ஸ்வீட் கார்ன், சர்க்கரை மாவாக மாறுவது தடைப்பட்ட ஒரு ரகம். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது பொரியும் அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

ஒரு பாப்கார்ன் மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோட்டத்து மணியைவிடச் சின்னது, உருண்டை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. நகத்தால் கீறினால் நகம்தான் வழுக்கும். தோட்டத்து மணியின் தலையில் ஒரு குழி இருக்கும், பல் மாதிரி. உள்ளே இருக்கிற மென்மையான மாவு காயும்போது சுருங்குவதால் விழுகிற குழி அது. வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. மென்மையான மாவில் ஸ்டார்ச் துகள்கள் உருண்டையாக, நடுநடுவே காற்று இடைவெளியோடு கிடக்கும். பாப்கார்ன் மணிக்குள் பெரும்பகுதி கெட்டியான மாவு. துகள்கள் பட்டை தீட்டிய கல்போல, ஒன்றோடொன்று நெருக்கி, புரதப் பசையில் பதித்து வைத்ததுபோல் இருக்கும், இடைவெளியே கிடையாது.

அப்புறம் தண்ணீர். நன்றாகப் பொரிகிற மணியின் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கும். ஒரு மணிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 20 மில்லிகிராம், ஒரு சொட்டில் பாதிகூட வராது. ஆனால் அந்தத் துளி முழுக்க ஆவியானால் 30 மில்லிக்கு மேல் இடம் கேட்கும், மணியோ வெளியே விட மறுக்கிறது. வாணலி சூடாகி 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துப் போக வழியில்லை, தோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கி விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 120 டிகிரி, வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். பாப்கார்ன் மணி 180 டிகிரி வரை தாங்குகிறது. அந்த வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பத்து மடங்கு, கிட்டத்தட்ட லாரி டயருக்குள் இருக்கும் அழுத்தம். காகிதம்போல மெல்லிய ஒரு தோல் இதைத் தாங்கி நிற்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

இந்த நேரத்துக்குள் உள்ளே மாவு வெந்துவிட்டது. கார்ன்ஃப்ளவரைக் கரைத்து சூப்பில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கெட்டியாகி வழவழப்பாகிறதே, அதே வேலைதான் இங்கே மூடிய அறைக்குள் நடக்கிறது. கண்ணாடிபோல் இருந்த மாவு சூடான பாகாகிவிட்டது, அந்தப் பாகின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஆவியாகத் துடிக்கிற தண்ணீர். தோல் எங்கேயோ ஓர் இடத்தில் கிழிகிறது. அழுத்தம் சட்டென்று விழுகிறது. உடனே ஒவ்வொரு துகளிலும் இருக்கிற தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியாகி, பாகை ஊதி ஊதிக் குமிழாக்குகிறது, சோப்பு நுரை மாதிரி. விரிகிற ஆவி சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் அந்த நுரை சரிய நேரமே கிடைக்காமல் அப்படியே உறைந்துவிடுகிறது. நாம் வாயில் போட்டு மெல்லும் வெள்ளைப் பூ, உறைந்து நின்ற அந்த நுரைதான்.

தோட்டத்து மணியில் இந்த நாடகம் பாதியிலேயே கலைந்துவிடும். தோல் பலவீனம், மாவில் இடைவெளி. அழுத்தம் ஏறுவதற்குள் ஆவி கசிந்துவிடும். மிஞ்சுவது வறுத்த சோளம்.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். நான் பாப்கார்ன் மணிகளில் பத்தை எடுத்து, தையல் ஊசியை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, ஒவ்வொன்றின் தோலிலும் ஒரு துளை போட்டேன். இன்னொரு பத்தை அப்படியே விட்டேன். தனித்தனியாக மூடி போட்டு, ஒரே அளவு எண்ணெயில் வறுத்தேன். துளை போடாததில் ஒன்பது பூத்தது. துளை போட்டதில் இரண்டு மட்டும் அரைகுறையாக வாய் பிளந்தது, மற்றவை பழுப்பேறிக் கிடந்தன. பாத்திரத்தின் அடியில் பொரியாமல் தங்கும் மணிகளும் பெரும்பாலும் இப்படித்தான்: எங்கேயோ ஒரு விரிசல், அல்லது காய்ந்துபோன மணி.

என் அத்தை இதைக் கைராசி என்பார். "அவ கைபட்டா பொரியும், உன் கைபட்டா பொரியாது" என்று சொல்லியே ஒரு மருமகளைப் பல வருஷம் அடுப்புப் பக்கம் விடவில்லை. டப்பாவைத் திறந்து போட்டதால் மணி காய்ந்துபோனதுதான் அங்கே பிரச்சினை. ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, குலுக்கி, இறுக மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் சரியாகிவிடும். ஒரு பெண்ணின் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் டப்பாவின் மூடியைப் பாருங்கள் என்று இன்றைக்கும் அத்தையிடம் சண்டை போடுகிறேன். இன்னொரு கதை, நாலைந்து செல்போனைச் சுற்றி வைத்தால் நடுவில் உள்ள சோளம் பொரியும் என்ற வீடியோ. 2008இல் ஒரு ஹெட்செட் நிறுவனம் விளம்பரத்துக்காகத் தயாரித்த பொய் அது, இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு நூற்றுக்கணக்கான வாட் சக்தியை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் திணிக்கிறது. போன் வெளியே விடுவது ஒன்றிரண்டு வாட், அதுவும் எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது.

180 டிகிரி என்ற எண்ணை உறுதி செய்தவர்கள் பிரான்சில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், விரோ, பொனொமரென்கோ. 2015இல் வெளியிட்டார்கள். ஐம்பது ஐம்பது மணிகளாக வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்ததில், 170 டிகிரியில் பொரிந்தது 34 சதவீதம், 180இல் 96 சதவீதம். அதிவேகக் கேமராவில் பார்த்தால் முதலில் ஒரு சின்னக் 'கால்' வெளியே வருகிறது, அது தட்டை உதைக்கிறது, மணி குட்டிக்கரணம் போட்டு எழும்புகிறது. 'டப்' என்ற ஓசை தோல் கிழிவதாலும் வருவதில்லை, உதைப்பதாலும் வருவதில்லை, அடைபட்ட நீராவி வெளியேறுவதால் வருகிறது என்றும் கண்டார்கள்.

இதற்கெல்லாமா காசு செலவழிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரும். கார்த்திகைக்கு உருண்டை பிடிக்கிற நெல்பொரி இதே தத்துவம்தான், அங்கே உமி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஆயுத பூஜைக்கு வாங்குகிற அரிசிப் பொரியில் உமியும் கிடையாது, தோலும் கிடையாது. புழுங்க வைத்து இறுகிய அரிசியே தனக்குத் தானே சுவராகி நிற்கிறது, உப்பு சேர்த்துச் சூடான மணலில் சில நொடி வறுத்தால் உப்புகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களிலேயே இதை அக்கறையாக ஆராய்ந்தார்கள். பொரி அடுப்பின் புகையில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் கைப்பக்குவத்தை அளந்து, புகையில்லாத அடுப்பாக அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க இன்னும் எவ்வளவோ ஆராய்ச்சி வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும்.

சரி, உடுமலை வாசகருக்கு. பாப்கார்ன் ரக விதை வாங்கி வீட்டுக்கென்று இரண்டு பாத்தி போட்டுப் பாருங்கள். ஒன்று கவனம்: தோட்டத்து மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அந்தக் கதிரிலேயே மணியின் மாவு மாறிப் பொரிவது குறையலாம். அதனால் தள்ளிப் போடுங்கள், அல்லது பூக்கிற நேரம் ஒன்றாக வராதபடி சில வாரம் முன்பின் விதையுங்கள். கதிர் செடியிலேயே நன்றாக முற்றிக் காயட்டும். பறித்து நிழலில் உலர வைத்து, நாலு நாளுக்கு ஒருமுறை பத்து மணி உதிர்த்து வறுத்துப் பாருங்கள். ஈரம் அதிகமாக இருந்தால் பூ சின்னதாக, சவ்வு மாதிரி மெல்லும்படி வரும். பத்தில் ஒன்பது பெரிதாகப் பூக்கிற அன்றைக்கு எல்லாக் கதிரையும் உதிர்த்து பாட்டிலில் போட்டு மூடிவிடுங்கள்.