மூலைகளில் மட்டும் ஏன் தெர்மோகோல்?

புதிதாகக் கணினித் திரை வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெட்டியைப் பிரித்தால் மூலைகளில் மட்டும் தெர்மோகோல் கட்டிகள் இருந்தன, நடுவே வெற்றிடம். இவ்வளவு விலையுள்ள பொருளுக்கு இதில் போய்ச் சிக்கனம் பிடிப்பார்களா?" சிக்கனமும் ஒரு காரணந்தான். ஆனால், அதே தெர்மோகோலைத் திரையின் அடிப்பக்கம் முழுவதும் பரப்பியிருந்தால், பெட்டி கீழே விழும்போது திரை உடைவதற்கான வாய்ப்பு கூடியிருக்கும்.

விழும் பொருளைத் தாக்குவது உயரம் மட்டுமன்று. அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், பொருளின் மீது அதன் எடையைப்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு விசை செயல்பட்டது என்பது தெரிந்துவிடும். 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் 800 மடங்கு. 2 சென்டிமீட்டர் தூரம் கிடைத்தால் 40 மடங்கு. நம் திரையின் எடை 5 கிலோ, அது 60 மடங்கு வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 சென்டிமீட்டரை எப்படிச் சம்பாதிப்பது?

தெர்மோகோலின் உண்மையான அழகு இங்கேதான் வெளிப்படுகிறது. அதன் கன அளவில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்று. மீதமுள்ள பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சுவர்களாகி, எண்ணற்ற அறைகளாக அந்தக் காற்றைச் சிறைப்பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். ஓர் எல்லை வரை அசையாமல் தாங்கும். எல்லையைத் தாண்டியதும் சட்டென்று வில்லாக வளையும். வளையத் தொடங்கிய பின் மேலும் வளைக்கக் கூடுதல் பலம் தேவைப்படாது. தெர்மோகோலின் அறைச் சுவர்களும் இப்படித்தான் வரிசை வரிசையாக நெளிந்து மடிகின்றன; ஒரு வரிசை மடிந்து முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால், கட்டி நசுங்கிக்கொண்டே போனாலும் அது திருப்பித் தரும் விசை பெரிதாக ஏறுவதில்லை. சுருள்வில்லோ தொடக்கத்தில் மெத்தனமாக இருந்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகச் சினம் காட்டும். அதே தூரத்தில் அதே ஆற்றலை வாங்கிக்கொள்ள, அதன் உச்ச விசை இரு மடங்காக வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துப் பொருளைத் துள்ளவும் வைக்கும். தெர்மோகோல் வாங்கியதில் பெரும்பகுதியைச் சுவர்களை மடிப்பதிலேயே செலவழித்துவிடுகிறது.

இனி மூலைக்கு வருவோம். வழக்கமான தெர்மோகோல், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ பளுவில் நசுங்கத் தொடங்குகிறது. அடியில் 10க்கு 10 சென்டிமீட்டர் அளவில் இரண்டு கட்டிகள் இருந்தால் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அவை 200 கிலோ விசையில் விட்டுக்கொடுக்கும். 5 கிலோ திரைக்கு அது 40 மடங்கு. நாம் தேடிய 2 சென்டிமீட்டர் கிடைத்துவிட்டது. 60க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள அடிப்பக்கம் முழுவதும் பரப்பினால், 900 கிலோ விசை வந்தால்தான் சுவர்கள் மடியும்; அதற்குள் திரை தன் எடையைப்போல் 180 மடங்கு விசையைத் தாங்கியாக வேண்டும். அந்தக் கட்டிகளின் உட்புறத்தில் வரிவரியாகக் காணப்படும் மேடுகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. தொடும் பரப்பைத் திட்டமிட்டுக் குறைப்பதற்காக வார்க்கப்பட்டவை. பரப்பை மிகவும் குறைத்துவிட்டாலும் ஆபத்துதான்: அறைகள் அனைத்தும் மடிந்து சுவரோடு சுவர் ஒட்டிவிட்டால், அதன்பின் அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. அதனால்தான் பெட்டிகளை மீண்டும் மீண்டும் கீழே போட்டு அளந்து பார்க்கிறார்கள். பரிசுகளோ பாராட்டுகளோ எட்டிப் பார்க்காத அந்த ஆய்வுக்கு, பெட்டியின் மேல் ஒட்டிய கண்ணாடிக் கோப்பைப் படத்தைத் தாயத்தைப்போல் நம்பும் நம்மவர்கள் கொஞ்சம் மரியாதை தரலாம்.

காற்றுக் குமிழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தாளான பபிள் ராப்பின் குணம் வேறு. ஆல்ஃபிரட் ஃபீல்டிங்கும் மார்க் ஷவானும் 1957இல் புதுவகைச் சுவர்த்தாள் செய்ய முயன்றபோது பிறந்த பொருள் அது. குமிழிக்குள் இருக்கும் காற்று சுருள்வில்லைப் போலவே அழுத்த அழுத்த எதிர்க்கும். விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். எடை குறைந்த பொருள்களுக்கும், வழியெல்லாம் ஏற்படும் சிறு இடிகளுக்கும் உராய்வுக்கும் அது ஏற்றது. கனமான பொருளின் கீழே வைத்தால் குமிழிகள் வெடித்துப்போகும்.

தெர்மோகோலுக்கு அப்படித் திரும்பி எழும் பழக்கம் குறைவு. கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்தினால் அந்தத் தடம் அப்படியே தங்கிவிடும். வாசகர் தம் பெட்டியிலுள்ள கட்டிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கட்டும். மேடுகளில் ஏதேனும் ஒன்று பளபளப்பாக அமுங்கியிருந்தால், அந்தப் பெட்டி வழியில் எங்கோ ஒருமுறை விழுந்திருக்கக்கூடும். திரையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தக் கட்டியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். அதில் மடிவதற்கு இனி போதிய சுவர்கள் இல்லை.