ஆள் வராத இலைக்காகக் காத்திருக்கும் பந்தி

"லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஃபிளிங்க் ஜாப், கிளவுடில் ஏற்றியதும் ஒரு வரிகூடத் துப்பவில்லை. எர்ரரும் இல்லை. நான்கு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். (ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகும் என்பது நம் துறையின் சொந்த மூடநம்பிக்கை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) ஃபிளிங்க் என்பது வந்துகொண்டே இருக்கும் தரவை உடனுக்குடன் கணக்கிடும் மென்பொருள். அதற்குத் தரவை வரிசையில் கொண்டுவந்து தருவது காஃப்கா, அந்த வரிசையைப் பிரித்த ஒவ்வொரு கிளையும் ஒரு பார்ட்டிஷன். காஃப்காவில் எத்தனை பார்ட்டிஷன் என்று கேட்டேன். நான்கு. நான்கிலும் தரவு வருகிறதா? பார்த்துவிட்டு வந்து சொன்னார், மூன்றில்தான் வருகிறது.

10:00 முதல் 10:05 வரை எத்தனை ஆர்டர் என்று எண்ண வேண்டும் என வைத்துக்கொள்வோம். 10:03-க்கு நடந்தது 10:06-க்கு வந்து சேரலாம் என்பதால், கணக்கை எப்போது மூடுவது என்று சொல்ல வாட்டர்மார்க் என்ற குறி தரவோடு சேர்ந்தே ஓடி வரும்: "10:05 வரை நடந்ததெல்லாம் வந்தாயிற்று." பல பார்ட்டிஷன்கள் இருந்தால் அவற்றின் வாட்டர்மார்க்குகளில் எது குறைவோ அதுதான் எல்லோருக்கும் நேரம். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள் அல்லவா, அதே மரியாதைதான். ஆனால் இங்கே ஓர் இலையில் ஆளே உட்காரவில்லை. அவர் எப்போது முடிப்பார்? எண்ணிக்கை முடியாமலே உள்ளே குவிந்துகொண்டிருக்கும், நினைவகமும் வீங்கும், வெளியே ஒன்றும் வராது.

ஃபிளிங்கில் இதற்கு ஒரு வரி மருந்து உண்டு, பெயர் வித்ஐடில்னெஸ். ஒரு நிமிடம் தரவு வராவிட்டால் அந்தப் பார்ட்டிஷனைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லலாம். வேலை நடக்கும். ஆனால் இது வெறும் ஊகம். ஆர்டரே இல்லாததால் அமைதியா, நெட்வொர்க் அறுந்ததால் அமைதியா என்று டைமருக்குத் தெரியாது. இரண்டாவது காரணம் என்றால், இணைப்பு திரும்பியதும் வரும் பழைய ஆர்டர்களின் கணக்கு அதற்குள் மூடியிருக்கும், சாதாரண அமைப்பில் அவை சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும்.

எனக்குப் பிடித்த தீர்வு இதைவிடப் பழையது. 1979-இல் கணினி விஞ்ஞானிகள் மணி சாந்தியும் ஜெயதேவ் மிஸ்ராவும், பல கணினிகளில் பிரித்து ஓடும் சிமுலேஷன்களுக்காக (நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது) எழுதியது (எம்.ஐ.டி.யில் ராண்டல் பிரையன்ட் 1977-லேயே தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார்). அங்கும் இதே சிக்கல், இன்னும் மோசமாக: 'அ' என்ற கணினி 'ஆ'வின் தகவலுக்குக் காத்திருக்கிறது, 'ஆ'வோ 'அ'வின் தகவலுக்குக் காத்திருக்கிறது, இரண்டும் நகராது. அவர்கள் சொன்னது, அனுப்ப ஒன்றும் இல்லையென்றால் அதையே அனுப்பு. வெற்றுச் செய்தி. ஆனால் அதில் ஒரு நேரம் இருக்கும். ஒரு பட்டறையில் எந்த வேலைக்கும் குறைந்தது 8 நிமிடம் ஆகும் என்றால், 10:00 மணிக்குக் கையில் வேலையே இல்லாத பட்டறைகூட "10:08-க்கு முன் என்னிடமிருந்து எதுவும் வராது" என்று அடித்துச் சொல்லலாம். அதைக் கேட்ட அடுத்த பட்டறை, தன் பங்குக்கு 8 நிமிடம் கூட்டி, "அப்படியானால் நான் 10:16" என்கிறது. சரக்கு ஒன்றும் கைமாறவில்லை, ஆனாலும் இரண்டு கடிகாரங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்கின்றன! முதல்முறை படித்தபோது எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

சாந்தி படித்தது சென்னை ஐ.ஐ.டி.யில். ஃபிளிங்க் பிறந்ததோ ஜெர்மன் அரசின் ஆராய்ச்சி நிதியில், பெர்லின் பல்கலைக்கழகங்களில் நடந்த ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் திட்டத்தில். "இதனால் இப்போது என்ன பயன்" என்று நிதி விண்ணப்பங்களில் கேட்பவர்கள் இந்த இரண்டையும் எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்லியிருப்பார்களோ.

இன்று இதைச் செய்வது எளிது. தரவு அனுப்பும் புரோகிராம் சில நொடிக்கு ஒருமுறை "10:05 வரை ஒன்றுமில்லை" என்று ஹார்ட்பீட் அனுப்பினால் போதும். அது நின்றால் ஆள் போய்விட்டான் என்று தெரியும். ராத்திரி எல்லாப் பார்ட்டிஷனும் தூங்கினாலும் கடைசி ஐந்து நிமிடக் கணக்கு காலை வரை தொங்காது. ஆனால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், கீயை (ஒரு தரவு எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் அடையாளம்) வைத்து அனுப்பினால் ஹார்ட்பீட்டும் ஏதோ ஒரே பார்ட்டிஷனில் போய் விழும்.

இதையெல்லாம் விளக்கியபின் வாசகரிடம் கீ என்னவென்று கேட்டேன். கிடங்கின் பெயராம். கிடங்குகள் மொத்தமே மூன்று. நான்காவது பார்ட்டிஷனுக்கு எந்தக் காலத்திலும் எதுவும் வரப்போவதில்லை. அவருக்கு அந்த ஒரு வரி மருந்தே போதும், போட்டுக்கொள்ளச் சொன்னேன்.