"அல்சர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம்"

கிளினிக் அறை வாசலில் மகன் என்னை மறித்தார். "மிஸ், அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. அல்சர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, எனக்கு என்ன வருத்தமெண்டு தெரியும். மகனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டான்."

உளவளத்துணையாளராக இதைப் புற்றுநோய் வந்த பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றால் எதற்கென்று யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? பல கீமோ மருந்துகளுக்கு இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்கும். அல்சருக்குக் கொட்டாது.

மறைப்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரவில் வரும் பயத்தைச் சொல்ல அம்மாவுக்கு ஆளில்லை. மகனோ கிணற்றடியில் தனியே அழுகிறார். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டச் சொல்லவில்லை. "டொக்டர் சொன்னதில என்ன விளங்கினது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அதுதான் கஷ்டம். சிலர் "எனக்குச் சொல்ல வேண்டாம், மகனோட கதையுங்கோ" என்பார்கள். சரி, அதுவும் அவர்களுடைய முடிவு.

அப்புறம், சுகம் விசாரிக்க வருகிறவர்கள். இதே வருத்தம் வந்து செத்துப்போனவரின் கதையை ஹோர்லிக்ஸ் போத்தலோடு கொண்டு வருவார்கள். படலையடியிலேயே அவர்களைச் சமாளிக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

எல்லாக் கலக்கமும் மனதில் தொடங்குவதில்லை. வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் நித்திரையைக் குழப்பும், சிடுசிடுப்பையும் தரும். குளிசையைக் காலையிலேயே எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்களுக்கு மாதங்கள் கழித்துத் தைரொயிட் குறைந்து மனம் சோரலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக் வரை பொறுக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மூன்றாவது கீமோ முடிந்த அன்று மகன் அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து கேட்டார்: "தம்பி, இந்த அல்சருக்கு இன்னும் எத்தினை ஊசி கிடக்கு?"

மகன் நிமிராமலே சிரித்தார். பிறகு அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்.