மேல்பகுதியில் நிழல் தெரிந்தால் எல்லாமே டி.பி. இல்லை

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளைத் திட்டுகள். எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தவர் ஏழு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர். "டி.பி.ன்னு மாத்திரை குடுத்தாங்க டாக்டர். மூணு மாசம் ஆச்சு. இருமல் போகல, படியேறினா மூச்சு வாங்குது" என்றார்.

சந்தேகப்பட்டதில் தவறில்லை. நம் ஊரில் அந்த இடத்தில் நிழல் தெரிந்தால் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது வரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் இவருக்குச் சளியில் கிருமி இல்லை, காய்ச்சலும் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தோம். திட்டுகளில் இருந்தது கால்சியம். நெஞ்சுச் சுவரின் ரத்தக் குழாய்களிலும் அதே வெள்ளைக் கோடுகள். ரத்தத்தில் பாஸ்பரஸ் 8.9, சாதாரணமாக 2.5 முதல் 4.5 வரைதான் இருக்கும்.

சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்திலேயே தேங்குகிறது. வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதும் குறைந்துவிடும். இதையெல்லாம் சரிக்கட்ட, கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகின்றன. எலும்பு மெலிய, ரத்தக் குழாய், இதய வால்வு, நுரையீரல் என்று கண்ட இடத்தில் அது தேங்கிய பாஸ்பரஸோடு சேர்ந்து படிகிறது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை ஏடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கதைதான்.

சரி, ஏன் மேல்பகுதியில்? அங்கே வந்துபோகும் காற்றோடு ஒப்பிட்டால் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. காரத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் (ரத்தத்தில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) சுலபமாக உறைந்துவிடும்.

பெரும்பாலும் இது வெறும் உப்புப் படிவுதான். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அரிதாகச் சிலருக்கு, எலும்பு கட்டும் செல்களே அங்கே உருவாகி நுரையீரலுக்குள் நிஜ எலும்பு முளைத்துவிடும். படிவு பரவிவிட்டால் நுரையீரல் விறைத்து, ஆக்சிஜன் உள்ளே போவது குறையும்.

அப்புறம் மாத்திரைக் கவரைக் கொட்டச் சொன்னேன். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை இருந்தது. எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "படுக்கப் போறப்ப எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுருவேன்" என்றார். இந்த மாத்திரை ரத்தத்தில் போய் வேலை செய்வதில்லை; வயிற்றில் சோற்றோடு கலந்து, சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்துவைக்க வேண்டும். வெறும் வயிற்றில் பிடிக்க என்ன இருக்கிறது? நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் சுமார் 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் போகும். சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கே அவ்வளவு உள்ளே வருகிறது. அதில் பாதிக்கு மேல் உடம்பில் சேரும். வாரம் இரண்டு டயாலிசிஸ் எப்படிப் போதும்?

கவரில் வேறு இரண்டும் இருந்தன. கால் வலிக்காகத் தானே கடையில் வாங்கிய கால்சியம் மாத்திரை, யாரோ எழுதிக் கொடுத்த 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியின் சீட்டு. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கோலா, பாக்கெட் இறைச்சி, சீஸ் இவற்றையும் தள்ளிவையுங்கள். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட், பருப்பில் உள்ளதைவிட அதிகமாக உடம்பில் சேரும்.

டி.பி. மாத்திரையை நெஞ்சக மருத்துவரோடு பேசி, சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வந்த பிறகே நிறுத்தினோம். கால்சியத்தை நிறுத்தி, பாஸ்பரஸைப் பிடிக்கும், கால்சியம் இல்லாத செவலமர் மாத்திரை கொடுத்து, டயாலிசிஸை வாரம் மூன்றாக்கினோம். ஆறு மாதத்தில் பாஸ்பரஸ் 5.4. திட்டுகள் மறையவில்லை, மறையும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. மூச்சு வாங்குவது மேலும் கூடவில்லை. இப்போது டயாலிசிஸ் நாளில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூடியில் மாத்திரையை எடுத்துவைத்துவிட்டுத்தான் முதல் வாய் சோறு எடுக்கிறார்.