செக்மென்டேஷன் ஃபால்ட் வருவதற்கு முன்னால்

கோவை, ஈரோடு பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) பழகும் மாணவர்கள் எப்படியும் ஒருநாள் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற வரியைப் பார்த்துவிடுவார்கள். புரோகிராம் செத்துவிட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஆனால் அதற்குள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் ஒரு விசாரணையையே நடத்தி முடித்திருக்கும். அந்த சிஸ்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இன்டெல் வகை ப்ராசஸர்களில் நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பக்கம் இருக்கிறதா, அதில் எழுதலாமா, சாதாரண புரோகிராம் தொடலாமா என்பதெல்லாம் பக்க அட்டவணையில் குறிக்கப்பட்டிருக்கும். மீறினால் ப்ராசஸர் அந்தக் கட்டளையை அப்படியே நிறுத்திவிட்டு, 14ஆம் எண் எக்ஸெப்ஷனை (ப்ராசஸர் எழுப்பும் அவசர அழைப்பு; இதுதான் பேஜ் ஃபால்ட்) எழுப்பிக் கர்னலைக் கூப்பிடும். தொட முயன்ற முகவரி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிஆர்2 என்ற ரெஜிஸ்டரில் இருக்கும். படிக்கப் போனதா எழுதப் போனதா, பக்கமே இல்லையா அனுமதிதான் இல்லையா என்பது பிழைக் குறியீட்டில் இருக்கும்.

லினக்ஸ் கர்னல் முதலில் பார்ப்பது, இந்த முகவரி அந்தப் புரோகிராமுக்குக் கொடுத்த பகுதிக்குள் வருகிறதா என்பதை. வரவில்லையா, புரோகிராமுக்குக் கர்னல் அனுப்பும் 11ஆம் எண் சிக்னல், அதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட். பெரும்பாலும் அத்தோடு சரி.

வந்தால்தான் சுவாரசியம். ஃபோர்க் செய்ததும், அதாவது ஓடும் புரோகிராம் (ப்ராசஸ்) தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கியதும், தாய், சேய் இரண்டு ப்ராசஸும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். எழுதும் அனுமதியை மட்டும் கர்னல் எடுத்துவிடும். தோட்டத்தைக் கூட்டாக வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள், ஒருவர் தனியாகப் போர் போட நினைக்கும்போதுதான் பாகம் பிரிப்பார்கள் இல்லையா, அதே கணக்கு. இரண்டு ப்ராசஸில் ஒன்று எழுதப் போனவுடன் ஃபால்ட் வரும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, நின்ற கட்டளையையே கர்னல் மறுபடி ஓடவிடும். நடுவில் ஏதோ நடந்தது என்பதே புரோகிராமுக்குத் தெரியாது. இங்கே ஃபால்ட் பிழையே அல்ல, வேலை நடக்கும் முறையே அதுதான்.

சரி, கர்னலே தவறான முகவரியைத் தொட்டால்? கோப்பில் எழுதச் சொல்லிக் கர்னலைக் கேட்கும் ரைட் அழைப்புக்குக் கண்டபடி ஒரு முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். புரோகிராம் சாகாது, -1 திரும்பும், பிழை எண் வைக்கப்படும் எர்னோவில் 'தவறான முகவரி' என்று பொருள்படும் ஈஃபால்ட் இருக்கும். புரோகிராமின் நினைவகத்திலிருந்து நகலெடுக்கும் கட்டளைகள் எங்கே இருக்கின்றன, அங்கே ஃபால்ட் வந்தால் எங்கே தாவ வேண்டும் என்று கர்னல் முன்கூட்டியே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதில் இல்லாத இடத்தில் கர்னல் தடுக்கி விழுந்தால்தான் 'ஊப்ஸ்' என்ற கர்னலின் பிழைச் செய்தி வரும். அது கர்னல் எழுதியவர்கள் திருத்த வேண்டிய பிழை.