செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை?

ஜப்பானியக் கம்பெனிகளுக்கும் நம் ஊர் சப்ளையர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பதினாறு வருடமாக மொழிபெயர்த்து வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் நான் ஏறாத மீட்டிங் ரூம் குறைவு. இந்த வருடம் மட்டும் ஒரே சண்டையை மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். மூன்றாவதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது ஒரு பிரஸ் ஷாப், உலோகத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் இடம். புது டையில், அதாவது அச்சில், அடித்த முதல் சாம்பிளை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். டையின் சில பாகங்கள் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்த, வெளியே போயிருந்தன. அங்கே ஃபர்னஸ் பழுது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே இவர்களுக்குத் தெரியும். டெவலப்மென்ட் பார்க்கும் தம்பி அன்று ராத்திரியே பைக்கை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போய், பட்டறை பட்டறையாக ஏறி வேறு ஆள் தேடியிருக்கிறார். இரண்டு நாள் சரியான தூக்கம் இல்லை. எதுவும் அமையாமல் வியாழக்கிழமை சாயங்காலம்தான் மெயில் போட்டார்.

சனிக்கிழமை மீட்டிங். வந்திருந்த ஜப்பானியர் போர்டில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கோடு இழுத்து, செவ்வாயைச் சுற்றி வட்டம் போட்டார். “செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை?” தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பத் திரும்ப அதே கேள்வி. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “வழி எதுவும் கண்டுபிடிக்காம, வெறும் பிரச்சினையை மட்டும் கொண்டுபோய் எப்படி மேடம் எங்க முதலாளி முன்னாடி நிக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். அதையும் ஜப்பானிய மொழியில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வெளியே வந்ததும் முதலாளி சொன்னார்: “பசங்களுக்குப் போன வருஷமே ஜப்பான் கல்ச்சர் ட்ரெயினிங் கொடுத்தாச்சே மேடம்.” என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். எவ்வளவு குனிய வேண்டும், விசிட்டிங் கார்டை இரண்டு கையால் நீட்டுவது, யார் எந்த நாற்காலியில் உட்காருவது. அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். கார்டை ஒற்றைக் கையால் கொடுத்து ஆர்டரை இழந்த கம்பெனி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர் இடது கையால் வெற்றிலை பாக்கு வாங்கினால் கோபித்துக்கொள்கிறோமா? பாவம், தெரியாது என்று விட்டுவிடுகிறோம். அவர்களும் அப்படித்தான். குனிவதை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். கெட்ட செய்தி கீழிருந்து மேலே எவ்வளவு சீக்கிரம் போகிறது, ‘சரி’ என்று சொன்னால் என்ன அர்த்தம், முடிவை எங்கே உட்கார்ந்து எடுக்கிறார்கள், இவையெல்லாம்தான் தொழிலை ஆக்குவதும் அழிப்பதும். இதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் பத்து நிமிடம்கூடப் பேசுவதாகத் தெரியவில்லை.

‘ஹாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் ‘ஆம்’. பேச்சின் நடுவே அவர் சொல்லும் ‘ஹாய்’ பெரும்பாலும் நாம் கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுவது மாதிரி. விலைக்கு ஒப்புக்கொண்டார் என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ‘கென்தோ ஷிமாஸ்’, அதாவது பரிசீலிக்கிறோம் என்றால், கடன் கேட்டபோது சொந்தக்காரர் சொல்லும் ‘பார்க்கலாம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வேலைக்குச் சேரும் புதுப் பையனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது ‘ஹோ-ரென்-சோ’. ஹோகோகு, ரென்ராகு, சோதான்: நடந்ததை மேலே சொல், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவி, தடுமாறினால் கலந்து பேசு. வழி கண்டுபிடித்துவிட்டு வா என்று அதில் இல்லை. நம் தம்பி வளர்ந்த வளர்ப்பில், தானே ஓடிச் சரிசெய்துவிட்டுச் சொல்வதுதான் பொறுப்பு. இரண்டு பேருமே உண்மையானவர்கள். அதனால்தான் இரண்டு பேருக்குமே அவ்வளவு வலித்தது.

நாடுதான் எல்லாம் என்றும் நினைக்காதீர்கள். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, வேலைக்கு வராமை, தகராறு, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதையே ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தன. சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், சங்கமும் பழைய சங்கம்தான். முன்பு கார் பூட்டும் லைனை நிறுத்தினால் பெருங்குற்றம். இப்போது யார் வேண்டுமானாலும் லைன் ஓரத்துக் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், அப்போதும் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளை நெருங்கியது. ஆட்கள் அதே அமெரிக்கர்கள். மாறியது கம்பெனியின் பழக்கம்.

இன்னொன்று. ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போட்டுக் காட்டும் ஸ்லைடு எல்லாப் பயிற்சியிலும் வரும். அதன் மூலம், கெர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களிடம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு. அவை நாட்டுச் சராசரிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை அதை வைத்து அளக்காதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லுங்கள். மூன்று வரி போதும்: என்ன ஆனது, என்ன செய்துகொண்டிருக்கிறேன், அடுத்து எத்தனை மணிக்குச் சொல்வேன். முடியாத தேதிக்குப் ‘பண்ணிடலாம் சார்’ என்று தலையாட்டாதீர்கள். புது யோசனையைப் பெரிய மீட்டிங்கில் முதல்முறையாக எடுத்து வைக்காதீர்கள்; முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மரத்தைப் பிடுங்கி நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதை ‘நெமவாஷி’ என்பார்கள், அதே பெயர்தான் இதற்கும். யார், என்ன, எந்தத் தேதி என்று எழுதிக்கொள்ளாமல் அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரிடம் ‘இதை மட்டும் விட்டுடுங்க’ என்று கண் காட்டாதீர்கள், தயவுசெய்து. வெளிநாட்டு மேலாளர்களிடமும் எப்போதும் சொல்கிறேன்: “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றுதான் பதில் வரும். “எப்படிச் செய்யப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள்.

முதலாளிகளிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அந்தத் தம்பி ஜப்பானியருக்குப் பயந்து மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கேபினுக்குள் வரத்தான் பயந்தார். அடுத்த முறை ஒருவர் கதவைத் திறந்து “சார், ஒரு பிரச்சினை” என்றால், அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.